சுண்ணாம்புக் கண்

வேதாளையில், ஓடாமல் நின்றுபோன ஐஸ் கம்பெனி ஷெட்டில்
வாடகைக்கு இருக்கிறது என் சக்கரம்.
எவ்வளவு கழுவினாலும் தரையில் மீன் வாடை.
செவ்வாய், வெள்ளி வகுப்பு. நான்கு பேர்.
முன்பணம் ஐந்நூறு, களிமண் தனி.

போட் என்ஜின் மெக்கானிக் ஜெய்லானி
கிண்ணத்தின் விளிம்பை நூல் பிடித்து அளப்பான்.
ரயில்பாலத்தில் வேலைபார்க்கும் அரியமுத்து
ஆஷ்ட்ரே தவிர வேறெதுவும் செய்யமாட்டார்.
கூட்டுறவு வங்கிக் கிருபாவதிக்கு
ஒரு கப்பாவது கைப்பிடியோடு வேண்டும்.
அவள் ஒட்டுவதெல்லாம் காய்வதற்குள் கழன்று
கேள்விக்குறிகளாகப் பலகையில் கிடக்கும்.

சின்னப்பாலம் சந்தனமேரி
பாசி எடுக்கப் போகாத நாட்களில் வருவாள்.
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்து
ஒவ்வொன்றாய் ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவாள்.
பாறை கிழித்த வெட்டுகளில் களிமண் ஏறும்.
பல்லைக் கடித்துக்கொள்வாள்.
கையுறை நீட்டினேன் ஒருநாள்.
"உறை மாட்டிக்கிட்டுப் புள்ளைக்குத் தலை பின்னுவீகளா?"

மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதுதான்
முதல் பாடம். முப்பதாவது பாடமும் அதுதான்.
"முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள்,
மூச்சைச் சீராக விடுங்கள்" என்று
புதுச்சேரியில் எனக்குச் சொன்னதை
அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.
மூன்று பேரின் மண்ணும் நொண்டியது.
சந்தனமேரியின் மண் நின்றது,
சுற்றுகிறதா என்று சந்தேகம் வரும்படி.
முகத்தைப் பார்த்தேன்:
கண்மூடி, கன்னம் உப்பி,
மூச்சே விடவில்லை அவள்.
முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து
என்று எண்ணினேன்.
மேலே வந்தாள்.
வாயால் காற்றை அள்ளிக்கொண்டு சொன்னாள்:
"கீழ போனா அலையாம இருக்கணும்ல."
அந்த வாக்கியத்தின் பின்பாதியை
அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொல்வதில்லை.

சீமைக்கருவேல விறகில் பதினான்கு மணி நேரம் வெந்து
அவள் கப் பழுதில்லாமல் வெளியே வந்தது.
மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் பாலம் தாண்டியது.
பதினேழாம் நாள்,
கொண்டல் ஈரத்தோடு திரும்பிய இரவில்
அடுக்களைப் பலகையில் டப் என்றதாம்.
யாரும் தொடவில்லை. பூனைகூட வீட்டில் இல்லை.

வெள்ளிக்கிழமை கொண்டுவந்து நீட்டினாள்.
வயிற்றில் நகமளவு பெயர்ந்து
பள்ளத்தின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி,
வெந்த மீனின் கண்.

என்னிடம் விளக்கம் இருந்தது.
மண்ணில் தப்பிய சுண்ணாம்புக் குறுமணி,
நெருப்பில் வெந்து, காற்றின் ஈரம் குடித்து
நீறும், வீங்கும், தள்ளும்;
சல்லடையை நெருக்கியிருக்கவேண்டும்,
சுட்டதும் நீரில் அமிழ்த்தியிருக்கவேண்டும்,
என் தப்புதான், பணத்தைத் திருப்பித் தர்றேன் –

அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.
புள்ளியை நகத்தால் சுரண்டினாள்.
"மண்ணு எங்கன எடுக்குறீக?"
"உச்சிப்புளிக்கு மேற்கே, ஒரு கண்மாயில."
"அம்புட்டுத் தூரம் கடலு கெடந்துருக்கு" என்றாள்,
அடுத்த தெருவில் முன்பு யாரோ
குடியிருந்ததைச் சொல்வதுபோல.
"பவளக்கல்லு டீச்சர் இது. எங்க காலைக் கிழிக்கிறது
இதோட பெரியம்மா மக."

எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்றான் ஜெய்லானி.
யாருக்கும் அன்று சக்கரத்தில் உட்காரத் தோன்றவில்லை.
அவரவர் கிண்ணத்தைக் காதருகே பிடித்துக்கொண்டு
கொஞ்சநேரம் காத்திருந்தோம்.
அரியமுத்துகூட.

கப்பை அவள் திருப்பித் தரவில்லை.
விரல்துணிகளைச் சுருட்டி அதற்குள் திணித்துக்கொண்டு
மீதி முந்நூறை அடுத்த பாசிக்குத் தர்றேன் என்று
மூன்றரை பஸ்ஸுக்கு ஓடினாள்.

இப்போதெல்லாம் சூளை திறந்ததும்
கை பொறுக்கும் சூட்டில்
பழைய ஐஸ் தொட்டிக்குள் எல்லாவற்றையும் இறக்குகிறோம்.
சட்டிகள் குடிக்கின்றன. குமிழிகள் வரிசையாய் ஏறுகின்றன.
அவை அடங்கும்வரை
சந்தனமேரி எண்ணுகிறாள்.
தொண்ணூறில் அடங்கியது ஒன்று.
நூற்றிப் பத்தில் ஒன்று.
கிருபாவதியின் கைப்பிடியில்லாத கப் மட்டும்
இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறது.